வீட்டில் கட்டிய விமானத்துக்கு மின்சார நீர்ப் பம்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கார் இன்ஜினை மாற்றியமைத்து, தாமே கட்டும் சிறு விமானத்தில் பொருத்துகிறவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். பெல்ட்டில் சுழலும் நீர்ப் பம்பைக் கழற்றிவிட்டு மின்சாரப் பம்பு வைப்பது பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சுபாரு இன்ஜினில் 100 குதிரைத்திறன் எடுக்கிறேன். நிமிடத்துக்கு 115 லிட்டர் என்று பெட்டியில் எழுதியிருக்கும் பம்பு போதுமா?

100 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 75 கிலோவாட். முழுத் திறனில் ஓடும்போது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கச் சுற்றி ஓடும் நீர்) சுமந்து செல்ல வேண்டிய வெப்பத்தை 50 கிலோவாட் என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் தேவைப்படுவதால், இன்ஜினுக்குள் போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் 10 டிகிரிக்கு மேல் வேறுபாடு கூடாது என்றால், நிமிடத்துக்குச் சுமார் 72 லிட்டர் ஓட வேண்டும். நீர் உறையாமல் காக்கும் கிளைக்கால் (glycol) திரவத்தைப் பாதிக்குப் பாதி கலந்தால் 80 லிட்டரைத் தாண்டிவிடும்.

பெட்டியில் உள்ள 115 என்ற எண் எதிர்ப்பு ஏதுமில்லாமல் ஓடவிட்டு அளந்தது. சிலிண்டர் ஹெட்டின் குறுகிய வழிகள், ரேடியேட்டர், வளைந்த ஹோஸ்கள் எல்லாம் சேர்ந்தால் அதில் பாதிதான் மிஞ்சக்கூடும். இதை ஊகிக்க வேண்டியதே இல்லை. இன்ஜினை ஓட்டாமலேயே அளந்து பார்க்க முடிவது மின்சாரப் பம்பின் பெரிய வசதி. தெர்மோஸ்டாட்டை (நீர் சூடாகும்வரை ரேடியேட்டர் வழியை மூடிவைக்கும் வால்வு) கழற்றிவிட்டு, முழுச் சுற்றும் இணைந்திருக்கும்போது, நீர் திரும்பி வரும் ஹோஸை மட்டும் 20 லிட்டர் வாளியில் விடுங்கள். பம்பின் உள்வழிக்கு நீர் தட்டுப்பாடில்லாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். வாளி 15 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 80 லிட்டர். இதே சோதனையை 14 வோல்ட்டில் ஒருமுறையும் 12 வோல்ட்டில் ஒருமுறையும் செய்யுங்கள். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) நின்றபின் கிடைக்கப்போவது இரண்டாவது எண்தான்.

ஏறும்போது இன்ஜின் சூடாகிவிடுகிறது. பெரிய மின்சாரப் பம்பு வைத்தால் தீருமா?

பெரும்பாலும் தீராது. பம்பு வாங்குவதற்கு முன் இரண்டு வெப்பமானிகள் வாங்குங்கள். ரேடியேட்டருக்குள் போகும் நீரையும் வெளிவரும் நீரையும் ஏற்றத்தின்போது அளந்தால், குறை எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். வேறுபாடு 20 டிகிரிக்கு மேல் இருந்தால் நீர் மெதுவாக ஓடுகிறது. அங்கே பம்பு உதவும். நான்கைந்து டிகிரிதான் வேறுபாடு, ஆனால் இரண்டுமே கொதிக்கும் நிலையை நெருங்குகின்றன என்றால், நீர் தேவையான அளவு ஓடுகிறது. ரேடியேட்டர்தான் வெப்பத்தைக் காற்றில் விட முடியாமல் திணறுகிறது. இந்த இரண்டாவது நிலையில் இருந்துகொண்டு பம்பின் விலைப்பட்டியலைப் புரட்டுகிறவர்களே அதிகம்.

காரணம் காற்று வழியில் இருக்கும். ரேடியேட்டரைக் காற்றோட்டத்தில் அப்படியே நிறுத்திவைத்தால், காற்றில் பெரும்பகுதி சுற்றிக்கொண்டு போய்விடும். சிறிய வாயில் நுழைந்த காற்று படிப்படியாக விரிந்து வேகம் குறைய வேண்டும். ரேடியேட்டரின் விளிம்பைச் சுற்றி ஒரு விரற்கடை இடைவெளிகூட இருக்கக் கூடாது. வெளியேறும் வாயைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு மடல் வேண்டும். மெரிடித் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1935-இல் இதை எழுதிக் காட்டினார். பி-51 முஸ்டாங் போர் விமானத்தின் வயிற்றடியில் தொங்கும் கூடு அந்தக் கணக்கின்படி அமைந்ததுதான்.

மின்சாரம் போய்விட்டால் எவ்வளவு நேரம் இருக்கிறது?

பம்பே நின்றுவிட்டால், நேரம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுற்றில் 8 லிட்டர் நீர் இருந்து அதில் 50 கிலோவாட் இறங்கினால், வெப்பம் விநாடிக்கு ஒன்றரை டிகிரி ஏறும்; கையில் இருக்கும் 20 டிகிரி அவகாசம் கால் நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். உலோகமும் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் என்பது உண்மை; ஆனால் ஓடாத நீர், எக்ஸாஸ்ட் வால்வைச் சுற்றி அதற்கும் முன்பே ஆவியாகத் தொடங்கும். மாஸ்டா 13பி போன்ற ரோட்டரி இன்ஜின்களில் ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலே ஹவுசிங்குகளுக்கு இடையிலுள்ள ரப்பர் சீல்கள் பாழாகக்கூடும்.

ஆல்டர்னேட்டர் மட்டும் நின்றால் கதை வேறு. பம்பு 10 ஆம்பியர், எரிபொருள் பம்பும் இக்னிஷனும் கம்ப்யூட்டரும் சேர்ந்து இன்னொரு 10 ஆம்பியர் என்றால், 20 ஆம்பியர்-மணி பேட்டரி காகிதத்தில் ஒரு மணி நேரம் தாங்கும். நான் அரை மணி நேரத்துக்கு மேல் நம்பமாட்டேன். அந்த அரை மணியும் ஆல்டர்னேட்டர் நின்ற கணத்திலேயே உங்களுக்குத் தெரிந்தால்தான் கிடைக்கும் என்பதால், 13 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதும் எரியும் எச்சரிக்கை விளக்கு கட்டாயம் தேவை.

பம்புக்கான வயரை மாஸ்டர் ரிலேக்கு (விமானத்தின் மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் முதன்மை ஸ்விட்ச்) பின்னால் எடுக்காதீர்கள். காக்பிட்டில் புகை வந்தால் நீங்கள் முதலில் அணைப்பது மாஸ்டரைத்தான். அதனுடன் பம்பும் நின்றால் இரண்டாவது ஆபத்தை நீங்களே வரவழைத்ததாகும். பேட்டரியிலிருந்து நேரடியாக, தனி ஃபியூஸ், தனி ஸ்விட்ச் வழியாக எடுங்கள். வயர் முனையில் டெர்மினல்களை நெரித்துப் பொருத்தும்போது அவசரம் வேண்டாம்: என் மேசையில் ஒருமுறை 15 ஆம்பியர் ஃபியூஸ் நன்றாக இருக்க, அதைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கூடு உருகி வழிந்தது. சரியாக நெரிபடாத ஒரு டெர்மினல்தான் காரணம்.

பெல்ட் பம்புக்கும் சாவு உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. ஒரே பெல்ட் இரண்டையும் சுழற்றும் இன்ஜினில், அது அறுந்தால் பம்பும் ஆல்டர்னேட்டரும் சேர்ந்தே போகும். மின்சாரப் பம்பு இருந்தால் ஆல்டர்னேட்டர் மட்டுமே போகும். அரை மணி நேரம் கையில் இருக்கும். இதை மதித்துத்தான் நான் மின்சாரப் பம்பை ஏற்கிறேன், ஆனால் இரண்டாக.

இரண்டு பம்புகளை வரிசையாக வைப்பதா, பக்கத்தில் பக்கத்திலா?

வரிசையாக. இதுபோன்ற மையவிலக்குப் பம்பு (சுழலும் இறக்கைச் சக்கரத்தால் நீரைத் தள்ளுவது) நின்றுபோனாலும் அதன் வழியே நீர் போகும். ஓட்டம் குறையும், நிற்காது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஓடும் பம்பு தள்ளும் நீர் நின்ற பம்பின் வழியாகவே திரும்பி வந்து வட்டமடிக்கும். அதைத் தடுக்க ஒவ்வொன்றுக்கும் ஒருவழி வால்வு வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி ஃபியூஸ் இருக்கட்டும். ஒன்று மட்டும் ஓடும்போது எவ்வளவு திறனில் பறக்கலாம் என்பதைத் தரையிலேயே சோதித்து எழுதிவையுங்கள்.

பெல்ட் பம்பை எடுத்தால் குதிரைத்திறன் கூடுமாமே?

பந்தயக் காரின் வேகத்தில் சுழலும் இன்ஜினில் கூடலாம். விமானத்தில் மிச்சமாவது பேசத்தக்கதல்ல. இடமும் எடையும் வேறு கணக்கு.

சிறு விமானங்களுக்கென்றே செய்யப்படும் ரோட்டாக்ஸ் 912 இன்ஜினில் வைக்கலாமா?

வேண்டாம். அதன் பம்பு இன்ஜினுக்குள்ளேயே இருக்கிறது, பெல்ட் இல்லை. உள்ளிருக்கும் ஜெனரேட்டரோ சுமார் 250 வாட்தான் தரும்; 10 ஆம்பியர் பம்பு அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும்.

வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் பம்புடன் வருகிறது. பயன்படுத்தலாமா?

காருக்கு அது நல்ல கருவி. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பம்பை நிறுத்தி நிறுத்தி ஓட்டும் வகை என்றால், விமானத்தில் அதைத் தவிர்ப்பேன். பழுதாகும்போது பம்பை நிறுத்திவிடக்கூடிய ஒரு பெட்டியைக் கூடுதலாகச் சுமப்பானேன்? பம்பு முழு வேகத்தில் ஓடட்டும். இறங்கும்போது இன்ஜின் அளவுக்கு மேல் குளிர்ந்தால் காற்று மடலை மூடுங்கள். தெர்மோஸ்டாட்டை வைத்துக்கொள்வதானால் அதற்குச் சுற்றுவழி இருக்க வேண்டும், இல்லையேல் அது மூடியிருக்கும்வரை பம்பு சுவரை முட்டிக்கொண்டிருக்கும்.

வெப்பமானி 70 டிகிரி காட்டியபோதே நீராவி வந்துவிட்டது. எப்படி?

சென்சார் நீரில் இல்லாமல் காற்றுக் குமிழியில் இருந்திருக்கும். அதைச் சிலிண்டர் ஹெட்டிலிருந்து நீர் வெளியேறும் இடத்தில் பொருத்துங்கள். சுற்றின் மிக உயரமான இடத்தில் விரிவுத் தொட்டியை (சூடாகி விரியும் நீருக்கு இடம்தருவது) வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். 10,000 அடி உயரத்தில் திறந்த நீர் 90 டிகிரியிலேயே கொதிக்கும்; ஒரு ‘பார்’ (bar, அழுத்த அலகு) அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் மூடி அதை 115 வரை கொண்டுபோகிறது. அந்த அழுத்தத்தைக் காட்டும் ஒரு மானியையும் பேனலில் வையுங்கள். சூடான இன்ஜினில் அதன் முள் சட்டென்று விழுந்தால், வெப்பமானி என்ன சொன்னாலும் சரி, நீர் எங்கோ வெளியேறிக்கொண்டிருக்கிறது; பக்கத்து ஓடுதளத்தைத் தேடத் தொடங்குங்கள்.