மூன்று நாளில் வீகான்: தாயாருடன் செல்லலாமா?

கேள்வி: மணிலாவில் அலுவல் முடிந்தபின் மூன்று நாள் மிஞ்சுகிறது. அறுபத்தெட்டு வயதுத் தாயாருடன் பிலிப்பைன்ஸின் வீகான் நகருக்குச் சென்றுவர அது போதுமா? நாங்கள் சைவம், முட்டையும் உண்பதில்லை.

பதில்: போதும், ஆனால் இரண்டு இரவுகளையும் வீகானிலேயே தங்கிக் கழியுங்கள். லூசோன் தீவின் வடமேற்குக் கரையோரம் உள்ள இலோகோஸ் சூர் மாகாணத்தின் தலைநகரான இவ்வூர், மணிலாவிலிருந்து ஏறத்தாழ 400 கி.மீ. தொலைவில் இருக்கிறது. இரவுப் பேருந்தில் எட்டு முதல் பத்து மணி நேரம் உட்கார்ந்து வருவது தாயாருக்குச் சிரமம் என்பதால், வடக்கேயுள்ள லாவோக் நகர் வரை விமானத்தில் வந்து, மீதமுள்ள சுமார் 80 கி.மீ. தூரத்தைக் காரில் கடப்பது நல்லது.

ஸ்பானியத் தளபதி ஹுவான் டி சால்செடோ 1572இல் இங்கு குடியேற்றம் அமைத்தார். பிற்காலத்தில் வணிகத்தால் செழித்த சீனக் கலப்பினக் குடும்பங்கள் கட்டிய வீடுகளே 1999இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இவ்வூருக்கு இடம் பெற்றுத் தந்தன. கீழ்த்தளம் செங்கல்லும் சுண்ணாம்பும். சரக்கும் குதிரை வண்டியும் அங்கே நிற்கும். குடும்பம் வாழ்ந்ததோ மரத்தாலான மேல்தளத்தில். அதன் சன்னல்களில் கண்ணாடிக்குப் பதிலாகக் காப்பிஸ் சிப்பியின் மெல்லிய வில்லைகளைச் சிறுசிறு கட்டங்களில் பதித்திருப்பதால், உள்ளே விழும் வெயில் பால்போல் வெளுத்துக் கண்ணை உறுத்தாமல் பரவுகிறது. இவ்வீடுகள் வரிசையாக நிற்கும் கிரிசோலோகோ தெருவைக் கடைகள் திறக்குமுன், விடிந்ததும் நடந்து பாருங்கள். ஒரே நாளில் வந்து திரும்புவோருக்கு அந்த அமைதி கிட்டுவதேயில்லை. தெருவில் பாவியுள்ள கற்கள் மேடுபள்ளமானவை. தாயாருக்குக் காலைப் பிடித்துக்கொள்ளும் செருப்பு அவசியம். களைத்தால் கலேசா குதிரை வண்டியில் ஏற்றிக்கொள்ளலாம்.

உணவில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பினாக்பெட் என்னும் கூட்டில் பாகற்காய், கத்தரிக்காய், வெண்டைக்காய் என நமக்குப் பழகிய காய்களே தென்படும். ஆயினும் அதற்குச் சுவையூட்டுவது பாகோங் என்னும் புளிக்கவைத்த மீன் அல்லது இறால் விழுது. அரிசிமாவில் செய்யும் வீகான் எம்பனாடாவில் பப்பாளிக்காய்த் துருவலுடன் முட்டையும் லோங்கனிசா என்ற பன்றியிறைச்சித் தொத்திறைச்சியும் சேரும். கண்ணெதிரே மாவைத் தேய்த்துப் பொரிப்பதால் அவ்விரண்டையும் தவிர்க்கச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் பொரிக்கும் எண்ணெய் இறைச்சி சேர்ந்தவற்றுக்கும் பொதுவானது. வெறும் சோறும் பழங்களும் கைவசமிருப்பது நிம்மதி.

இரண்டாம் நாளில் பர்னாய் எனும் மண்சாடிகள் வனையும் பட்டறைக்குச் செல்லுங்கள். எருமையை நடக்கவிட்டு மிதித்த களிமண்ணில் செய்து சூளையில் சுடப்படும் இச்சாடிகளில்தான் இங்கே கரும்புக் காடியையும் பாகோங்கையும் ஊறவைக்கிறார்கள். அருகிலுள்ள பாந்தாய் மணிக்கூண்டு 2022 ஜூலை நிலநடுக்கத்தில் சேதமுற்றது. மேலே ஏற அனுமதியுண்டா என்பதை விடுதியில் விசாரித்துவிட்டுச் செல்லுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை மழையும் புயலும் மிகும் காலமாதலால், நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் பயணத்தை வைத்துக்கொள்வதே உங்கள் தாயாருக்கு ஏற்றது.