ஆடியில் வரும் பேத்தி

கேள்வி: மயிலாடுதுறை பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. மகனும் மருமகளும் 12 வருடமாகக் குழந்தைக்காகக் காத்திருந்தார்கள். பிள்ளை வரம் கேட்டுத் திருக்கருகாவூர் அம்மன் கோயிலுக்கு எத்தனையோ முறை போய் நெய் வாங்கி வந்தோம். இப்போது 5 மாதப் பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள். ஆடி முதல் வாரம் வருகிறாள். "ஆடி போகட்டும், ஆவணியில் கொண்டு வாங்க" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். "யார் பெத்ததோ" என்றும் பேச்சு. ஊரைக் கூப்பிட்டுத் தொட்டில் போடலாமா, சத்தமில்லாமல் இருந்துவிடலாமா? இன்னொன்று, மகள் வயிற்றுப் பேரனைத் தூக்கியது போல இவளை என் கை தூக்குமா என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், ஒரு பாட்டி

பதில்: 'பாட்டி' என்று நீங்களாகவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள் அம்மா. கடிதத்தில் என் கண் நின்ற இடம் அதுதான்.

ஆடிப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். கல்யாணத்துக்கும் புதுமனைக்கும் ஆடி பார்ப்போம், சரி. பிரசவ வலி வந்தவளிடம் யாராவது ஆவணி வரை பொறு என்பார்களா? ஆடிப்பெருக்கன்று காவிரிக்கு மசக்கை என்று சொல்லி, சித்ரான்னம் கிண்டி, காதோலை கருகமணியோடு ஆற்றங்கரைக்குப் போகிறவர்கள் நாம். நம் ஊரில் பிள்ளை வருவதற்கு இதைவிட நல்ல மாதம் எது?

தொட்டில் கட்டாயம் போடுங்கள். தாய்மாமன் சீர், வசம்பு வளையல், பெயர் வைப்பது என்று பேரனுக்குச் செய்த எதையும் இவளுக்குக் குறைக்காதீர்கள். ஆனால் வந்த வாரமே வேண்டாம். இந்த 5 மாதத்தில் அவளுக்குப் பழகிய முகம், குரல், வாசனை எல்லாம் ஒரே நாளில் மாறப்போகின்றன. முதல் சில வாரம் மகன், மருமகள், நீங்கள், இந்த மூன்று பேர் கை போதும். பால் கொடுப்பதும் தூங்க வைப்பதும் முடிந்தவரை அவர்கள் இரண்டு பேருமே செய்யட்டும். காப்பகத்தில் எந்தப் பால்பவுடர், எத்தனை மணிக்கு, எப்படிப் படுக்க வைத்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அவள் படுத்திருந்த துணி ஒன்று கொடுத்தால் வாங்கி வாருங்கள். உடனே துவைத்துவிடாதீர்கள், அவள் பக்கத்திலேயே கிடக்கட்டும். உங்களுடைய பழைய நூல் புடவையில் தூளி கட்டுங்கள். இரண்டு வாசனையும் மெல்லக் கலக்கட்டும்.

ஒன்றை நன்றாகக் கவனியுங்கள். பல குழந்தைகள் இருந்த இடத்திலிருந்து வரும் குழந்தை சில சமயம் அழுவதையே குறைத்துக்கொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்கள் "எவ்வளவு சமத்து!" என்பார்கள். அழுதால் ஆள் வரும் என்பது அவளுக்கு இன்னும் பழகாமல் இருக்கலாம் அம்மா. அழாவிட்டாலும் போய்க் குனிந்து முகம் பார்த்துப் பேசுங்கள். ஒரு நாள் வீடு அதிர அழுது உங்களைக் கூப்பிடுவாள். அன்றைக்குச் சந்தோஷப்படுங்கள்.

"நம்ம குணம் வரட்டும்" என்று யாராவது தேனைத் தொட்டு நாக்கில் சேனை வைக்க வந்தால் தடுத்துவிடுங்கள். ஒரு வயதுக்குள் தேன் ஆகாது. குணம் உங்கள் வீட்டில் வளர்வதால் வரும்.

அப்புறம் உங்கள் மருமகள். பெற்று வந்தவளுக்குப் பத்தியச் சாப்பாடு வரும், உட்காரவைத்துப் பார்ப்போம். இவளும் ராத்திரி முழுக்க விழித்திருப்பாள், ஆனால் இவளுக்கு யாரும் ஒரு தூக்கு ரசம் கொண்டு வர மாட்டார்கள். அதை நீங்கள் செய்யுங்கள். மதியம் இரண்டு மணி நேரம் அவள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கட்டும்.

"யார் பெத்ததோ" என்றால் "என் பேத்தி" என்று சொல்லி நிறுத்துங்கள். எங்கே பிறந்தாள், ஏன் வந்தாள் என்பது அவளுடைய சொத்து, ஊருக்கு எடுத்துக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவளிடம் மறைக்காதீர்கள். விவரம் தெரியும் முன்பே, தாலாட்டிலேயே "உன்னைத் தேடி வந்தோம்" என்று பாடுங்கள். பத்து வயதில் ஊரார் வாயால் தெரிந்துகொள்வது பெரிய காயம். இன்னொன்று, நம் வீடுகளில் பிள்ளைகளை "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று கேலி செய்வோமே, உங்கள் வீட்டில் அந்தப் பேச்சே இனி வேண்டாம். பேரனிடமும் வேண்டாம்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையை மாவட்ட ஆட்சியர் தருகிறார். ஊர்ச் சாப்பாட்டை ஆணை வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவரை வாட்ஸ்அப்பில் குழந்தை படமும் வேண்டாம். குழந்தை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இரண்டு வருடம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சமூகப் பணியாளர் வருவார். சந்தேகப்பட்டு வருவதல்ல, காபி கொடுத்துப் பேசுங்கள். ஆணை வந்துவிட்டால் சொத்து உட்பட எல்லாவற்றிலும் அவள் பெற்ற பிள்ளைக்குச் சமம்.

உங்கள் கையைப் பற்றிக் கேட்டீர்கள். முதல் நாளே பாசம் பொங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. பேரனை மகள் வயிற்றில் இருக்கும்போதே ஒன்பது மாதம் நினைத்திருந்தீர்கள். இவளுக்கு அந்த மாதங்கள் கிடைக்கவில்லை, இனிமேல்தான் கிடைக்கும். தினமும் எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுங்கள். தலை துவட்டி, மடியில் போட்டு, அவள் உங்கள் புடவைத் தலைப்பைப் பிடித்து வாயில் வைக்கும்போது, கை தானாக அவளை இழுத்து அணைத்துக்கொள்ளும். நாளானாலும் தவறில்லை, வெட்கப்படாதீர்கள்.

அடுத்த வருட ஆடிப்பெருக்கில் அவளுக்கு ஒன்றரை வயது நெருங்கும், நடை வந்திருக்கும். தச்சரிடம், பிள்ளைகள் அன்றைக்கு இழுத்துப் போகிற சின்னச் சப்பரம் ஒன்றுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். கயிற்றை அவள் பிடிக்கட்டும், பேரன் பின்னாலிருந்து தள்ளிக் கொடுக்கட்டும்.