வைக்கோலில் பூஞ்சணம்: காசோலையை நிறுத்தியது சரியா?

கேள்வி: நெடுந்தீவில் ஒன்பது பசுக்கள் வைத்திருக்கிறேன். வறட்சியில் புல் எல்லாம் கருகிவிட்டது. பரந்தனில் ஒரு வியாபாரியிடம் போய் இரண்டு கட்டைப் பிரித்துப் பார்த்து, ஒரு லொறி வைக்கோலை 120,000 ரூபாவுக்குப் பேசினேன். 40,000 முற்பணம் கொடுத்தேன். மீதிக்கு ஒரு மாதம் பின்திகதியிட்ட காசோலை. குறிகட்டுவானில் இறக்கி, வள்ளத்தில் ஏற்றி வந்து அன்றே பிரித்தால் உள்ளே பூஞ்சணம். தொலைபேசியில் சொன்னேன். "வெயிலில காயப் போடுங்கோ, சரியாப் போகும்" என்றார். காயப்போட்டு மூன்று கிழமை தீனியாக வைத்தேன். ஒரு பசு செத்துவிட்டது. மிச்சத்தை வெளியில் கொட்டினால் கட்டாக்காலிக் குதிரைகள்கூட மணந்துவிட்டுப் போகின்றன. காசோலையை வங்கியில் நிறுத்திவிட்டேன். பசுவுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா?

பதில்: வியாபாரியின் குணநலன் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு பக்கத்தையும் இங்கே வெட்டிவிட்டேன். நீதிமன்றமும் அதை வாசிக்காது. குதிரைகளைச் சாட்சிக்கூட்டில் ஏற்றவும் வழியில்லை.

கேள்வி ஒன்றுதான். அந்த வைக்கோலை நீங்கள் ஏற்றுக்கொண்டீர்களா? மாதிரி காட்டி விற்ற பொருள் மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். ஒத்திராவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம். பூஞ்சணத்தைக் கண்ட அன்றே "எனக்கு வேண்டாம், வந்து ஏற்றிக்கொண்டு போங்கோ" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் போதும். திருப்பி அனுப்பும் வள்ளக்கூலிகூட உங்கள் தலையில் விழுந்திராது. நீங்களோ கெட்டதென்று தெரிந்த பிறகும் மூன்று கிழமை மாட்டுக்கு வைத்தீர்கள். அது ஏற்றுக்கொண்டதுதான். அவர் சொல்லித்தான் காயப்போட்டேன் என்று வாதாடலாம், ஆனால் அதை நம்பி வழக்கை நடத்த நான் துணியமாட்டேன். இனி உங்களுக்கு மிஞ்சுவது தரக்குறைவுக்கு ஏற்ப விலையைக் குறைக்கச் சொல்லும் உரிமை.

பசுவை விட்டுவிடுங்கள். கால்நடை வைத்தியர் பிரேதப் பரிசோதனை செய்யாமல் புதைத்த மாடு அது. வறட்சியில் மாடு சாகப் பத்துக் காரணம் உண்டு என்று எதிர்ச் சட்டத்தரணி எழுந்து சொல்வார். உங்களிடம் மறுபேச்சு இராது.

எனக்குப் பயம் அந்தக் காசோலையைப் பற்றித்தான். நிறுத்தினால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்து வருகிறவர்களை மாதம்தோறும் பார்க்கிறேன். உண்மையில் அப்போதுதான் அது தொடங்குகிறது. முதலில் உங்கள் வங்கிக் கூற்றை எடுத்துப் பாருங்கள். காசோலைத் திகதியன்று கணக்கில் 80,000 இருந்ததா? இல்லையென்றால் "தரம் சரியில்லை, அதனால் நிறுத்தினேன்" என்பதை எவரும் நம்பமாட்டார்கள். காசில்லை என்று தெரிந்தே காசோலை எழுதுவது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின்கீழ் குற்றம். விஷயம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்விடும். வைக்கோலைப் பற்றி அங்கே பேச்சே எழாது.

காசு இருந்தது என்றே வைப்போம். அவர் காசோலையை வைத்து மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க நடைமுறையில் வழக்கு வைப்பார். சாதாரண வழக்குப்போல மறுமொழி தாக்கல் செய்துகொண்டிருக்க முடியாது. எதிர்வாதம் செய்யவே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். சத்தியக் கடதாசியில் திடமான எதிர்வாதத்தைக் காட்டவேண்டும், அல்லது காசைக் கட்டவேண்டும். பேச்சு பரந்தனில் முடிந்ததால் வழக்கு கிளிநொச்சியிலும் வரலாம். ஒவ்வொரு தவணைக்கும் வள்ளமும் பஸ்ஸும் ஏறுவதை யோசியுங்கள். விற்ற பொருளின் விலைக்கு வழக்கு வைக்க அவருக்கு ஒரு வருடம்தான் உண்டு. காசோலையின்மீது என்றால் ஆறு வருடம்.

இதைவிட மோசமானது இன்னொன்று. வைக்கோல் வியாபாரிகள் பின்திகதியிட்ட காசோலையைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. லொறிக்காரரிடமோ வட்டிக்குக் கொடுப்பவரிடமோ மாற்றிவிடுவார்கள். விஷயம் தெரியாமல், திகதிக்கு முன்பே பெறுமதி கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆளிடம் பூஞ்சணக் கதை செல்லாது. முழுத் தொகையும் கேட்பார். குறுக்குக் கோடு போட்டு 'கைமாற்ற முடியாது' என்று எழுதினீர்களா? கடிதத்தில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுதவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இனி அவர் பொலிஸில் முறைப்பாடு கொடுப்பார். "இரண்டு தவணையில் கட்டுகிறேன்" என்று அங்கே கையெழுத்து வைக்காதீர்கள். விலைக்குறைப்பு வாதம் அந்த வரியோடு செத்துப்போகும். "கொஞ்சம் பொறுங்கோ, தாறன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவதும் அப்படித்தான். பழைய காசோலையைக் கையில் வாங்காமல் புதியது எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டுக்கும் பதில் சொல்லித் திரிகிறார்கள்.

சமாதானமாகப் போங்கள். இந்தத் தொகைக்கு வழக்கென்றாலும் முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போகவேண்டும். அங்கே சட்டத்தரணிகள் தோன்ற முடியாது, எனக்கு அதில் வருத்தமும் இல்லை. பிரித்த அன்று எடுத்த படங்கள் திகதியோடு இருந்தால் கொண்டுபோங்கள். கடல் தண்ணீர் பட்டதென்று அவர் சொல்வார். ஆனால் வள்ளத்தால் இறக்கிய அன்றே கட்டின் நடுவில் பூஞ்சணம் இருந்தால் அது கடல் செய்த வேலையல்ல என்பது சபையில் இருப்பவர்களுக்கும் தெரியும். 45,000, 50,000இல் முடிந்தால் முடித்துவிடுங்கள். காசை வங்கியில் வைப்பிலிடுங்கள். மூலக் காசோலை கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்து. அவரால் அதைக் காட்ட முடியாவிட்டால் அது இப்போது யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த ஆளும் சபைக்கு வராமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.