புது தெரபிஸ்டிடம் சாவு நினைப்பைச் சொல்லலாமா? – கேள்வி பதில்

கேள்வி: அடுத்த வாரம் புது தெரபிஸ்டுடன் முதல் சந்திப்பு. ‘செத்துப்போனால் தேவலை’ என்று அடிக்கடி தோன்றுகிறது. சொன்னால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவாரோ?

பதில்: இந்தப் பயத்தில்தான் பலர் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். எண்ணம் வருகிறது என்பதற்காக மட்டும் யாரையும் சேர்ப்பது அபூர்வம். நீங்கள் சொன்னதும் தெரபிஸ்டுக்குத் தெரிய வேண்டியவை சில உண்டு. தூக்கத்திலேயே போய்விட்டால் நல்லது என்ற நினைப்பா, உயிரை நானே மாய்த்துக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறீர்களா? செய்துவிடும் உத்தேசம் இருக்கிறதா? முன்பு முயன்றது உண்டா? திட்டமும் உத்தேசமும் சேர்ந்து, இன்றிரவு பத்திரமாக இருக்க முடியாது என்ற நிலை வந்தால்தான் பெரும்பாலும் ஆஸ்பத்திரிப் பேச்சே எழும்.

வழக்கமாக நடப்பது வேறு. இருவரும் உட்கார்ந்து ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவீர்கள். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த 6 படிகள், ஒரே தாளில் அடங்கிவிடும். எண்ணம் மூளப்போவதைக் காட்டும் அறிகுறி, தனியாகச் செய்து பார்க்கக்கூடியது, மனதைத் திருப்பும் ஆட்களும் இடங்களும், உதவி கேட்கக்கூடியவர்கள், கூப்பிட வேண்டிய மருத்துவர் அல்லது உதவி எண், கடைசியாக ஆபத்தானவற்றைக் கைக்கெட்டாமல் வைப்பது. என்னிடம் வந்த ஒருவர் முதல் வரியில் ‘போனைச் சைலண்டில் போட்டுக் கவிழ்த்து வைப்பேன்’ என்று எழுதினார். (அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன்.) அதுவரை அது ஓர் அறிகுறி என்று அவருக்கே தெரியாது.

இன்னும் தயக்கமா? ‘எதைச் சொன்னால் வெளியே தெரிவிப்பீர்கள்?’ என்று முதலில் கேட்டுவிடுங்கள். நல்ல தெரபிஸ்ட் மழுப்பாமல் பதில் சொல்வார்.

கேள்வி: வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. எப்படி ஆரம்பிப்பது?

பதில்: அழுதுகொண்டே ஆரம்பிக்கலாம், தப்பில்லை. இல்லையென்றால் இரண்டு வரி எழுதி நீட்டுங்கள். பல இடங்களில் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்ற படிவம் தருவார்கள். அதன் 9ஆவது கேள்வி இதைப் பற்றியதுதான்: கடந்த 2 வாரங்களில் செத்துப்போனால் நல்லது என்றோ, உங்களை வருத்திக்கொள்ளவோ தோன்றியதா? பதிலாக, 0 (இல்லவே இல்லை) முதல் 3 (அநேகமாகத் தினமும்) வரை ஓர் எண்ணைக் குறிக்க வேண்டும். அந்த இடத்தில் பேனா 2இன் மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு 0க்குத் திரும்புவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 2 என்றால் 2 போடுங்கள். மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.

கேள்வி: பழைய தெரபிஸ்ட் பதறிப்போய், ‘பெற்றவர்களை நினைத்துப் பார்’ என்று உபதேசம் செய்தார். அதிலிருந்து யாரிடமும் சொல்வதில்லை.

பதில்: அது அவருடைய பயம், உங்கள் குற்றமல்ல. புதியவரிடம் இந்தக் கதையையே முதலில் சொல்லுங்கள். அவர் அதைக் கேட்கும் விதத்திலேயே ஆள் எப்படி என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

கேள்வி: 3 மாதமாகப் போகிறேன். முதல் நாளே ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று பொய் சொல்லிவிட்டேன்.

பதில்: ‘அன்று சொன்னது உண்மையில்லை’ என்றால் போதும். எங்களுக்கு இது பழகிப்போன விஷயம், கோபம் வராது.

கேள்வி: திங்கட்கிழமைதான் அப்பாயிண்ட்மென்ட். இன்றைக்கே தாங்க முடியவில்லை.

பதில்: திங்கள் வரை காத்திருக்காதீர்கள். உங்கள் ஊரின் அவசர எண்ணையோ தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ இப்போதே கூப்பிடுங்கள், அல்லது பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நம்பும் ஒருவரை அழைத்து, ‘தனியாக இருக்க முடியவில்லை, வந்து என்கூட இரு’ என்று சொல்லுங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை.