ஸ்கேனில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. குடிப்பழக்கம் இல்லை. பிற்காலத்தில் ஆபத்து உண்டா?

மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்திருப்பீர்கள். "இது எல்லாருக்கும் இருக்கிறதுதான், வாக்கிங் போங்க" என்று டாக்டர் சொல்லியிருப்பார். 2011-ல் என் அம்மாவுக்கும் அதையேதான் சொன்னார்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. வருடா வருடம் ரத்தப் பரிசோதனை செய்வோம். கல்லீரல் என்சைமான எஸ்ஜிபிடி 36, நார்மல் என்று ஃபைலை மூடிவிடுவோம். 2022-ல் பொங்கல் முடிந்த வாரம், விடியற்காலையில் ரத்த வாந்தி எடுத்தார். உணவுக்குழாயில் ரத்தக் குழாய்கள் புடைத்து வெடித்திருந்தன. எண்டோஸ்கோப்பியில் பேண்டு போட்டு நிறுத்தினார்கள். சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிவிட்டது என்றார்கள்.

அப்புறம்தான் பழைய ஃபைலைப் பிரித்தேன். பிளேட்லெட் 2014-ல் 2.1 லட்சம், 2019-ல் 1.2 லட்சம். கல்லீரல் இறுகினால் மண்ணீரல் வீங்கி பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். வயது, எஸ்ஜிஓடி (இன்னொரு என்சைம்), எஸ்ஜிபிடி, பிளேட்லெட் நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது. 1.3-க்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை, 2.67-ஐத் தாண்டினால் லிவர் டாக்டரைப் பார்க்க வேண்டும். அம்மாவின் 2019 ரிப்போர்ட்டுக்குப் போட்டுப் பார்த்தேன். 3.5 வந்தது. மூன்று வருடம் பீரோவில் கிடந்த ரிப்போர்ட் அது.

'பயமுறுத்துகிறாய்' என்று சிலர் வருவீர்கள். நான் டாக்டர் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு சிரோசிஸ் வரை போவதில்லை, இந்த நோய் உள்ளவர்களின் உயிரை அதிகம் எடுப்பது இதய நோய்தான், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் ஸ்கேன் சொல்லும் கிரேடு கொழுப்பின் அளவு மட்டுமே. பிற்காலத்தைத் தீர்மானிப்பது கல்லீரலில் விழும் தழும்பு. அதை ஃபைப்ரோஸ்கேன் என்ற, கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஸ்கேனில் பார்க்கலாம். சீக்கிரம் தெரிந்தால், எடையில் பத்து சதவீதம் குறைத்தாலே தழும்பும் குறைய வாய்ப்பு உண்டு. அம்மா அப்போது 72 கிலோ. ஏழு கிலோதான் குறைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நான்-ஆல்கஹாலிக் ஃபேட்டி லிவர்', அதாவது குடியால் வராதது என்று எழுதியிருந்தும், மதுப்பழக்கம் இல்லை என்று டாக்டரிடம் சான்று வாங்கி வரச் சொன்னது இன்சூரன்ஸ் கம்பெனி. வெள்ளிக்கிழமை விரதம் தவறாத மனுஷி. படுக்கையில் இருந்தவர் காதில் அது விழுந்தது. சொந்தக்காரர்களும் 'ஆல்கஹால்' என்ற சொல்லை மட்டும்தான் பிடித்துக்கொண்டார்கள். 2023-ல் உலக அளவில் நோயின் பெயரை மாற்றி அந்தச் சொல்லை எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு அது தாமதம்.

சரி, உங்கள் வயதையும் அந்த மூன்று எண்களையும் கமெண்டில் எழுதுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.