டாங்கிள் கெடவில்லை, ஃபில்டரைப் பாருங்கள்

அண்ணாச்சி, விண்டோஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்), அதற்குள் உபுண்டு லினக்ஸ். சிம் போட்டு இணையம் எடுக்கும் ஹுவாவே டாங்கிளை உபுண்டுவுக்குக் கொடுத்தால் சிடி டிரைவ் மாதிரி ஒரு நொடி தெரிந்து மறைகிறது என்று எழுதியிருந்தீர்கள். புது டாங்கிள் வாங்க அம்பாசமுத்திரத்திலிருந்து நெல்லை ஜங்ஷனுக்கு பஸ் ஏறிவிடாதீர்கள்.

அது இரட்டை வேடக்காரன். சொருகியதும் டிரைவர் சிடியாக வரும். உபுண்டுவிலுள்ள யூஎஸ்பி-மோடுஸ்விட்ச் என்ற நிரல் அதை மோடமாக மாற்றும். மாறும்போது பழைய சாதனம் கழன்று, வேறு புராடக்ட் ஐடியோடு (சாதனத்தின் அடையாள எண்) புதிதாக ஒன்று முளைக்கும். எந்தச் சாதனம் உபுண்டுவுக்கு என்று விர்ச்சுவல்பாக்ஸுக்குச் சொல்லும் உங்கள் யூஎஸ்பி ஃபில்டருக்குப் பழைய ஐடிதான் தெரியும். புதியதை விண்டோஸ் அமுக்கிக்கொள்கிறது.

ஃபில்டரில் ஹுவாவே கம்பெனியைக் குறிக்கும் வெண்டர் ஐடி 12d1 மட்டும் இருக்கட்டும். புராடக்ட் ஐடி, ரிவிஷன், சீரியல் எண் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். விண்டோஸில் டாங்கிளின் சாஃப்ட்வேர் ஓடினால் மூடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் 7-க்கு முந்தையது என்றால் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற அதன் கூடுதல் தொகுப்பும் வேண்டும், இல்லாவிட்டால் யூஎஸ்பி 1.1 வேகம்தான். உபுண்டு முழுசாகத் திறந்த பிறகு டாங்கிளைச் சொருகுங்கள். அப்புறம் நெட்வொர்க் மெனுவில் மொபைல் பிராட்பேண்ட் வரும். சிம் கம்பெனியின் ஏபிஎன் (APN, அவர்களுடைய இணைய வாசலின் பெயர்) கொடுத்தால் போதும்.

ஒன்று கேட்கிறேன், உபுண்டுவில் வெறும் இணையம்தானே வேண்டும்? அப்படியென்றால் இத்தனை பாடு எதற்கு? விண்டோஸிலேயே டாங்கிளை இணைத்துவிட்டு, மெஷின் செட்டிங்கில் நெட்வொர்க்கை நாட் (NAT, விண்டோஸின் இணையத்தையே உள்ளே பகிரும் முறை) என்று விடுங்கள், உள்ளே தானாக வரும். கல்லிடைக்குறிச்சியில் நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.