கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்

அன்புள்ள அக்கா,

செந்தூலில் இருக்கிறேன். ஏழு மாதமாகச் சனிக்கிழமைகளில் சக்கரத்தில் மண் வனையப் பழகுகிறேன். கிண்ணத்தின் வெளிப்புறத்தில் சிக்குக்கோலம் செதுக்க ஆசை, ஆனால் கோடு இழுத்தாலே ஓரம் பொரிந்து உதிர்கிறது (படம் இணைத்திருக்கிறேன்). 180 வெள்ளிக்கு ஜப்பான் கத்திகள் பார்த்து வைத்திருக்கிறேன், வாங்கலாமா? அப்புறம், கவிழ்த்து வைத்து அடியைச் சீவும் வழக்கம் நம் குயவர்களிடம் இல்லையாமே, அப்படியென்றால் நான் செய்வது நம் மரபா?

வாசகி, கோலாலம்பூர்

தங்கச்சி,

அக்கா என்று எழுதிவிட்டாய், நீ என்றே பேசுகிறேன். கத்தி வாங்காதே. ஒரு சனிக்கிழமை வனைந்ததைத் திறந்துபோட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை போய்ச் செதுக்கினால் எந்த நாட்டுக் கத்திக்கும் பொரியத்தான் செய்யும். நகம் பதியணும், விரல் ஒட்டக்கூடாது, அதுதான் பதம். பிளாஸ்டிக் பையால் மூடி வை. படத்தில் தூளை வாயால் ஊதிக்கொண்டிருக்கிறாயே, அறிவிருக்கா? காய்ந்த மண்தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் தங்கினால் தங்கினதுதான். ஈரப் பஞ்சால் துடைத்து எடு.

மரபு கிரபு என்று நீ குழப்பிக்கொள்வதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அடியைப் பற்றிக் கேட்டாய் பார், அதனால்தான் இந்தப் பதில். நம் ஆட்கள் சக்கரத்தில் வாயையும் தோளையும் வனைந்து அறுத்தெடுத்து, ஈரம் கொஞ்சம் இழுத்ததும் உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவார்கள். சீவினால் மண் குறையும், தட்டினால் பரவும். தட்டுகிறவர் காதும் வேலை செய்துகொண்டே இருக்கும்.

என் பாட்டிக்கும் அந்தக் காது இருந்தது. பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடைகளுக்கு முன்னாலிருக்கும் அஞ்சடி நடைபாதையில் பானைகள் அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றையும் தூக்கி விரல் கணுவால் தட்டுவாள். டங் என்றால் மடியில், டொப் என்றால் கீழே. கடைக்காரர் ஒரு தடவை, 'ஆயா, பானை வாங்க வந்தீங்களா, கடம் வாசிக்க வந்தீங்களா?' என்றார். பாட்டி பதில் சொல்லவில்லை, அடுத்ததைத் தட்டினாள். நான் வெட்கத்தில் தூணுக்குப் பின்னால்.

நாற்பது வயதுக்கு மேல் நானும் சக்கரத்தில் உட்கார்ந்தேன். முதல் கிண்ணத்தைக் கவிழ்த்து, நாலு பக்கமும் மண் உருண்டை வைத்து நிறுத்தி, அடியைச் சீவ ஆரம்பித்தேன். மண் ரிப்பன் ரிப்பனாகச் சுருண்டு விழுந்தது, அதன் ருசியில் நிறுத்த மனமில்லை. நடுவில் தட்டிப் பார்த்தேன், சத்தம் மாறியிருந்தது, கேட்கவும் செய்தது. இன்னும் ஒரே ஒரு சுற்று என்று கத்தியை வைத்தேன். அடி வட்டமாகக் கழன்று உள்ளே விழுந்தது, கிண்ணம் வளையலாகிவிட்டது. சீவும்போது சரிசெய்துகொள்ளலாம் என்று வனையும்போதே அடியில் மண்ணைச் சேர்த்துவிட்டிருந்தேன். நீயும் அதைத்தான் செய்கிறாய், படத்திலேயே தெரிகிறது, அந்தக் கிண்ணம் அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கனத்தின்மேல் கோலம் எதற்கு? கவிழ்ப்பதற்கு முன்னால் உள்ளே ஒரு குச்சியை விட்டு ஆழத்தை அள, வெளி உயரத்தோடு ஒப்பிடு, எவ்வளவு சீவலாம் என்று தெரிந்துவிடும். சீவச் சீவத் தட்டிக்கொண்டே இரு.

அடுத்த கடிதத்தில் கோலத்தைப் படம் எடுத்து அனுப்பாதே. கவிழ்த்து வைத்து அடியை எடுத்து அனுப்பு.